நகக்கண்ணில் ஒரு குடித்தனம்

நகத்தை வெட்டினால் வலிப்பதில்லை. நகக்கண்ணில் ஒரு சிராய் ஏறிவிட்டாலோ உயிரே போகிறது. இந்த இரண்டு அனுபவங்களுக்கும் நடுவே இருப்பது ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் தடிமன்தான். மேலே தெரிவது கெரட்டின் என்ற புரதம் இறுகி உருவான தகடு. நரம்பும் ரத்தக்குழாயும் இல்லாத இறந்த செல்களின் அடுக்கு. அதன் அடியில் இருக்கும் நகப்படுகை அதற்கு நேர் எதிர். நுண்ணிய ரத்தக்குழாய்கள் பின்னிக் கிடக்க, நரம்பு முனைகள் செறிந்திருக்கும் உயிருள்ள திசு அது.

ஒட்டுண்ணியின் கணக்கில் இதைவிட நல்ல மனை கிடைக்காது. வெதுவெதுப்பு உண்டு, ஈரம் உண்டு, கையெட்டும் தூரத்தில் ரத்தம் உண்டு. தலைக்கு மேல் கெட்டியான கூரையும் இருக்கிறது. சொறியும் விரல் அங்கே எட்டாது. சோப்பு நுரை முழுதாகப் போய்ச் சேராது. தோலில் தடவும் களிம்பு தகட்டை ஊடுருவாது.

நகச்சொத்தை என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி பூஞ்சைகளின் வேலை. அவை நகத்தையே தின்று வாழ்பவை. இந்த அத்தியாயத்தில் வருகிறவை வேறு வகை. மூன்றுமே விலங்குகள்: ஒரு தெள்ளுப்பூச்சி, ஒரு சிற்றுண்ணி, ஒரு புழு. முதலாவது நகத்தோரத்தில் தன்னைப் புதைத்துக்கொண்டு குடித்தனம் நடத்துகிறது. இரண்டாவது நகத்தடியில் பதுங்கிக் கிடந்து மருந்திடமிருந்து தப்புகிறது. மூன்றாவது நகத்தில் ஏறி வாய்வரை பயணம் போகிறது. மூன்றுக்கும் பொதுவான செய்தி ஒன்று உண்டு: நகத்தை மட்டும் பார்த்து வைத்தியம் செய்கிறவர் தோற்றுப்போகிறார்.

கப்பல் ஏறிய மணல்

1872ஆம் ஆண்டில் தாமஸ் மிட்செல் என்ற பிரிட்டிஷ் கப்பல் பிரேசிலிலிருந்து புறப்பட்டு, ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையில் உள்ள அங்கோலாவின் ஆம்ப்ரிஸ் துறைமுகத்தை அடைந்தது. சரக்குக் குறைவாகப் போகும் கப்பல் தள்ளாடாமல் இருக்க அடித்தளத்தில் மணலைப் பாரமாக ஏற்றுவது அன்றைய வழக்கம். கரை சேர்ந்ததும் அந்த மணலைக் கொட்டினார்கள். மணலோடு, கண்ணுக்கு எளிதில் தட்டுப்படாத ஒரு தெள்ளும் இறங்கியது.

அதன் அறிவியல் பெயர் துங்கா பெனட்ரான்ஸ். ஆங்கிலம் பேசும் நாடுகளில் ஜிகர் என்பார்கள். கிழக்கு ஆப்பிரிக்கக் கிராமங்களில் ஃபுன்சா என்றால் குழந்தைக்கும் தெரியும். நாம் இதை மணல் தெள்ளு என்று வைத்துக்கொள்வோம். தென் அமெரிக்காவும் கரீபியத் தீவுகளும்தான் இதன் பூர்வீகம். கொலம்பஸோடு வந்த மாலுமிகள் இதனிடம் கால்விரல்களைப் பறிகொடுத்து அவதிப்பட்டதாக வரலாற்றில் சொல்லப்படுகிறது. 16ஆம் நூற்றாண்டின் முதற்பாதியிலேயே ஸ்பானிய வரலாற்றாசிரியர் ஒவியேடோ இந்தத் தொல்லையைப் பதிவுசெய்துவிட்டார்.

ஆம்ப்ரிஸில் இறங்கிய தெள்ளுக்கு ஆப்பிரிக்காவின் குறுக்கே நடந்துபோக முடியாது. நடந்தவர்கள் மனிதர்கள். வணிகக் கூட்டங்களின் சுமைகூலிகள், படைவீரர்கள், ஐரோப்பியர்களின் ஆய்வுப் பயணங்களுக்காகப் பெட்டி தூக்கியவர்கள் என்று பலரும் வெறுங்காலோடு கண்டத்தைக் கடந்துகொண்டிருந்த காலம் அது. அவர்கள் கால்விரல்களில் பயணம் செய்து, கால் நூற்றாண்டுக்குள் இந்தத் தெள்ளு கிழக்குக் கரையை எட்டியது. சான்சிபாருக்கும் மடகாஸ்கருக்கும் போனது. 19ஆம் நூற்றாண்டு முடியும் தறுவாயில், ஆப்பிரிக்காவிலிருந்து திரும்பிய தொழிலாளர்களின் கால்களில் பம்பாய்வரை வந்ததாகவும் குறிப்புகள் உண்டு. ஆனால் இந்தியாவில் அது நிலைகொள்ளவில்லை. அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில நோயாளிகளைப் பற்றிய குறிப்புகளோடு நின்றுவிட்டது.

ஒரு வாரத்தில் இரண்டாயிரம் மடங்கு

தெள்ளுகளிலேயே மிகச் சிறியது இது; நீளம் ஒரு மில்லிமீட்டர்தான். நாயின் மேல் துள்ளும் தன் உறவினர்களைப் போல உயரக் குதிக்கவும் இதற்கு வராது. அதனால்தான் பாதத்தோடு நின்றுவிடுகிறது. பாதத்திலும் அதற்குப் பிடித்த இடம் நகத்தைச் சுற்றியுள்ள மடிப்பு. அடுத்தபடியாக விரலிடுக்கு, குதிகால், உள்ளங்காலின் ஓரம். மண்ணைக் கையால் அளைந்து விளையாடும் குழந்தைக்கும், தரையில் தவழ்ந்தோ உட்கார்ந்தோ வாழ வேண்டியிருக்கும் மாற்றுத்திறனாளிக்கும் கைவிரல் நகத்தோரங்களிலும் ஏறிவிடும்.

ஆணும் பெண்ணும் ரத்தம் குடிக்கும். தோலுக்குள் குடியேறுவது பெண் மட்டும். தலையை முன்னே விட்டு மேல்தோலைத் துளைத்து இறங்குகிறது. அரை மணியிலிருந்து சில மணி நேரத்துக்குள் வேலை முடிந்துவிடும். வாயுறுப்பு அடித்தோலின் ரத்தக்குழாயில் போய் நிற்கும். உடலின் பின்முனை மட்டும் தோலின் மேற்பரப்போடு ஒட்டி, ஊசித்துளை அளவுக்குத் திறந்திருக்கும். மூச்சு விடுவது, கழிவை வெளியேற்றுவது, முட்டை இடுவது எல்லாம் அந்த ஒற்றைத் துளை வழியாகத்தான். இணைசேர்வதும் அப்படியே. புதைந்து கிடக்கும் பெண்ணைத் தேடி ஆண் தோலின் மேல் அலைந்து, அந்தத் துளையைக் கண்டுபிடிக்கிறது. காரியம் முடிந்த பின் அதன் ஆயுளும் முடிகிறது.

அதற்குப் பிறகு நடப்பது பூச்சி உலகில் அபூர்வம். பெண் தெள்ளின் வயிற்றுப்பகுதி முட்டைகளால் நிரம்பி ஊதத் தொடங்குகிறது. முதிர்ந்த பூச்சி தோலுரிக்காமலே வளரும் விந்தை இது. ஒரே வாரத்தில் அதன் கனஅளவு 2,000 மடங்கு பெருகி, பட்டாணி அளவுக்கு ஒரு வெண்ணிற உருண்டை ஆகிறது. நடுவில் கரும்புள்ளி, சுற்றிலும் வெள்ளை வளையம். பார்த்துப் பழகிய தாய்க்கு இதைக் கண்டுபிடிக்க எந்த மருத்துவமனையும் வேண்டாம்.

பிரேசிலின் வடகிழக்கே உள்ள ஃபோர்ட்டலேசா நகரின் குடிசைப் பகுதிகளில் ஜெர்மானிய, பிரேசில் ஆய்வாளர்கள் 2000ஆம் ஆண்டுக்குப் பிந்தைய வருடங்களில் இந்த வளர்ச்சியைப் படிப்படியாகக் கவனித்து ஐந்து நிலைகளாக வகுத்தார்கள். துளைத்து இறங்குவது முதல் நிலை. ஓரிரு நாளில் வீக்கம் தொடங்குவது இரண்டாவது. வெள்ளை வளையத்தோடு முழு வளர்ச்சியில் மூன்று வாரம்வரை முட்டைகளைப் பீய்ச்சிக்கொண்டிருப்பது மூன்றாவது. அது செத்துக் கருத்துச் சுருங்குவது நான்காவது. உதிர்ந்தபின் மிஞ்சும் வடு ஐந்தாவது. முதல் நிலையிலிருந்து சாவு வரை நாலைந்து வாரம். அதற்குள் நூற்றுக்கணக்கான முட்டைகள் தரையில் விழுந்திருக்கும். அவை நிழலான, உலர்ந்த மண்ணில் பொரித்து, புழுவாகி, கூட்டுப்புழுவாகி, மூன்று நான்கு வாரத்தில் அடுத்த தலைமுறை தயாராகிவிடும்.

ஒரு தெள்ளு தானே வந்து தானே செத்தால் பெரிய ஆபத்தில்லை. கொல்வது எண்ணிக்கை. நோய் மலிந்த கிராமங்களில் ஒருவருடைய பாதங்களில் நூற்றுக்கும் மேல் புதைந்திருப்பதுண்டு. நகத்தோர வீக்கம் நகத்தை அடியிலிருந்து நெம்புகிறது. நகம் கோணுகிறது, தடிக்கிறது, கழன்றும் விழுகிறது. கால் நகம் மாதத்துக்கு ஒன்று முதல் ஒன்றரை மில்லிமீட்டர்தான் வளரும். கட்டைவிரல் நகம் முழுதாக முளைத்துவர ஒன்றரை ஆண்டுகூட ஆகலாம். அதற்குள் அடுத்த படையெடுப்பு வந்துவிடும். புண்ணில் பாக்டீரியா தொற்றிச் சீழ் வைக்கும். திறந்த துளை வழியாக டெட்டனஸ் கிருமி நுழைந்து உயிரைப் பறித்த நிகழ்வுகள் உண்டு. போதாக்குறைக்கு, இந்தத் தெள்ளின் உடலுக்குள்ளேயே உல்பாக்கியா என்ற பாக்டீரியா வாழ்கிறது. தெள்ளு செத்து அழுகும்போது அதுவும் வெளிப்பட்டு அழற்சியைக் கூட்டுவதாக ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

வலிக்குப் பயந்து குதிகாலில் மட்டும் ஊன்றி நடக்கும் பிள்ளைகளைப் பார்த்துச் சக மாணவர்கள் சிரிக்கிறார்கள். அவர்களில் சிலர் பள்ளிக்கு வருவதையே விட்டுவிடுகிறார்கள். சாபம், சூனியம் என்று ஊர் பேசுவதும் உண்டு.

ஊசியும் ஊதா நீரும்

எங்கும் வழக்கத்தில் இருக்கும் வைத்தியம் ஊசியால் குத்தி எடுப்பதுதான். முள், ஊக்கு, கத்தி நுனி என்று கைக்குக் கிடைத்தது எல்லாம் கருவி. தேர்ந்த கை, சுத்தமான ஊசி, ஒன்றிரண்டு தெள்ளு என்றால் இது நல்ல முறையே. ஐம்பது தெள்ளு இருக்கும் ஐந்து வயதுக் குழந்தையிடம் இது சித்திரவதை. பூச்சி பாதியில் உடைந்தால் அழற்சி கடுமையாகும். ஒரே ஊக்கைக் குடும்பம் முழுதும் பகிர்ந்தால் மஞ்சள் காமாலையை உண்டாக்கும் ஹெபடைடிஸ் கிருமிகளும் எச்.ஐ.வி.யும் பரவ வழி உண்டாகிறது.

கென்யாவில் பொட்டாசியம் பர்மாங்கனேட் கரைத்த ஊதா நீரில் பாதத்தை ஊறவைப்பது நெடுநாள் பழக்கம். 2014இல் வெளியான ஓர் ஆய்வு இதற்குச் சவால் விட்டது. பள்ளிச் சிறுவர்களின் ஒரு காலை ஊதா நீரில் ஊறவைத்தார்கள். மற்றக் காலில், தலைப்பேனுக்குப் பயன்படும் டைமெத்திகோன் என்ற சிலிக்கோன் எண்ணெயைப் பூசினார்கள். ஏழாம் நாளில் எண்ணெய் பூசிய காலில் 78 விழுக்காடு தெள்ளுகள் செத்திருந்தன. ஊதா நீரில் ஊறிய காலில் 39 விழுக்காடுதான். காரணம் அந்தப் பின்முனைத் துளை. மிக எளிதாக வழிந்தோடும் இந்த எண்ணெய் துளைக்குள் புகுந்து மூச்சுக்குழல்களை அடைத்துவிடுகிறது. நஞ்சு எதுவும் இல்லை, மூச்சுமுட்டிச் சாகிறது. ஆகவே தெள்ளு இதற்கு எதிர்ப்புத்திறன் பெறுவதும் கடினம்.

நமக்குத் தெரிந்த பொருள்களும் இந்தக் களத்தில் இருக்கின்றன. இந்தியாவிலிருந்து கிழக்கு ஆப்பிரிக்காவுக்குப் போய் வேரூன்றிய வேம்பின் எண்ணெயைத் தேங்காயெண்ணெயோடு கலந்து கென்யாவில் சோதித்திருக்கிறார்கள். தெள்ளைக் கொல்வதைவிடப் புண்ணின் அழற்சியைத் தணிப்பதில் அது நன்றாக வேலை செய்தது. தேங்காயெண்ணெயை முதன்மையாகக் கொண்ட வேறொரு பூச்சை மடகாஸ்கரில் நாள்தோறும் பாதங்களில் தடவச்செய்தபோது புதிய தெள்ளுகள் ஏறுவது வெகுவாகக் குறைந்தது. அதே ஆய்வில் இன்னொரு குழுவுக்குக் காலணி கொடுத்தார்கள். பலன் சொற்பம்தான். காலணியைப் பலரும் தொடர்ந்து அணியவில்லை. வீட்டுக்குள் வந்ததும் கழற்றிவிட்டார்கள். தெள்ளு காத்திருந்ததே வீட்டுக்குள்தான்.

ஆக, விஷயம் தரைக்கு வந்து சேர்கிறது. மண் தரை உள்ள வீடு, அதற்குள் கூடவே படுத்துறங்கும் நாயும் பன்றியும், அருகே ஓடும் எலி: இவை இருக்கும்வரை சுழற்சி நிற்காது. உகாண்டாவின் கிராமங்களில் பன்றியும், பிரேசிலின் நகர்ப்புறச் சேரிகளில் நாய், பூனை, எலிகளும் இந்தத் தெள்ளின் சேமிப்புக் களம் என்று கண்டறிந்திருக்கிறார்கள். காலில் இருக்கும் தெள்ளை மருந்து கொல்லும். மறுநாள் காலை அதே தரையில் கால் வைக்கும் குழந்தைக்கு அது காப்பு அல்ல. தரையைச் சிமெண்டால் மூடுவதும், வீட்டு விலங்குகளுக்குச் சேர்த்து மருந்திடுவதும்தான் நிலையான வழி. 2017இல் உலக சுகாதார நிறுவனம், சிரங்கோடு பிற புற ஒட்டுண்ணி நோய்களையும் சேர்த்துப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்கள் பட்டியலில் இடம் கொடுத்தது. மணல் தெள்ளும் அந்த வாசல் வழியாகத்தான் கவனத்துக்கு வந்தது.

நகத்தடியில் தப்பிய சிற்றுண்ணி

அந்தப் பட்டியலில் மணல் தெள்ளோடு இருக்கும் சிரங்கு நமக்குப் பழகிய எதிரி. சொறி சிரங்கு என்று இரட்டைப் பெயர் வைத்துக் கூப்பிடும் அளவுக்கு நெருக்கம். இதை உண்டாக்கும் சிற்றுண்ணியில் பெண் 0.3 முதல் 0.4 மில்லிமீட்டர் நீளம். மேல்தோலின் இறந்த அடுக்கில் சுரங்கம் தோண்டிக்கொண்டே நாளொன்றுக்கு இரண்டு மூன்று முட்டை இடும்.

1687லேயே இத்தாலியில் பொனோமோவும் செஸ்டோனியும் இந்த உயிரியைக் கண்டு, வரைந்து, இதுதான் சிரங்கின் காரணம் என்று எழுதிவிட்டார்கள். மருத்துவ உலகம் ஒரு நூற்றாண்டுக்கும் மேல் நம்பவில்லை. 1812இல் பாரிஸில் காலே என்ற மருத்துவ மாணவர் சிரங்குப் புண்ணிலிருந்து பூச்சி எடுத்ததாகக் காட்டினார். அவர் காட்டிய படத்தில் இருந்தது பாலாடைக்கட்டியில் வளரும் வேறொரு சிற்றுண்ணி என்று பின்னர் அம்பலமானது. பூச்சியைக் கண்ணில் காட்டுபவருக்கு 300 பிராங்க் பரிசு என்று லுகோல் என்ற மருத்துவர் அறிவித்தார். கடைசியில் 1834இல் செயின்ட் லூயி மருத்துவமனையில் ரெனுச்சி என்ற மாணவர் ஓர் ஊசியால் அதை எடுத்துக் காட்டினார். அவர் கோர்சிகா தீவுக்காரர். அந்தத் தீவின் எளிய பெண்கள் ஊசியால் சிரங்குப் பூச்சி எடுப்பதைச் சிறுவயதிலிருந்தே பார்த்தவர். பேராசிரியர்கள் சீழ்க்கொப்புளத்துக்குள் தேடினார்கள். அந்தப் பெண்களுக்கோ சுரங்கத்தின் முனையில் தேட வேண்டும் என்று தெரிந்திருந்தது.

வழக்கமான சிரங்கில் பூச்சிகளின் எண்ணிக்கை ஆச்சரியப்படும் அளவுக்குக் குறைவு. இரண்டாம் உலகப்போரின்போது இங்கிலாந்தில் கென்னத் மெல்லன்பி என்ற பூச்சியியலாளர் நூற்றுக்கணக்கான படைவீரர்களிடம் எண்ணிப் பார்த்தார். ஓர் ஆளுக்குச் சராசரி 11 பெண் பூச்சிகள்தான். அவற்றில் 60 விழுக்காட்டுக்கு மேல் கைகளிலும் மணிக்கட்டிலும் இருந்தன. உடல் முழுதும் அரிக்கக் காரணம் நம் தோலின் ஒவ்வாமை.

எண்ணிக்கை குறைவாக இருக்க அந்த அரிப்பே உதவுகிறது. சொறியச் சொறியப் பூச்சிகள் சாகின்றன. இந்தக் காவல் தளர்ந்துவிட்டால் நிலைமை தலைகீழ். எதிர்ப்பாற்றல் குன்றியவர்கள், நெடுநாள் ஸ்டீராய்டு எடுப்பவர்கள், முதுமையில் படுக்கையோடு கிடப்பவர்கள், தொழுநோயால் தொடு உணர்வு இழந்தவர்கள் ஆகியோரிடம் பூச்சிகள் ஆயிரக்கணக்கில், சில சமயம் இலட்சக்கணக்கில் பெருகுகின்றன. தோல் தடித்துப் பொருக்குத் தட்டுகிறது. 1848இல் நார்வேயில் டேனியல்சன், பெக் என்ற மருத்துவர்கள் தொழுநோயாளிகளிடம் இதை முதலில் விவரித்ததால் நார்வே சிரங்கு என்ற பெயரும் இதற்கு உண்டு.

இந்தக் கடும் வகையில் நகங்கள் அடிக்கடி பாதிக்கப்படும். நகம் தடித்து மஞ்சளிக்கும். அடியில் மாவு போன்ற பொருக்கு சேரும். அந்தப் பொருக்கு முழுக்கப் பூச்சியும் முட்டையும் இருக்கலாம். பார்க்க நகச்சொத்தை மாதிரியோ சோரியாசிஸ் மாதிரியோ இருப்பதால், மாதக்கணக்கில் பூஞ்சை மருந்து சாப்பிட்டவர்கள் உண்டு. நகத்தடியைச் சுரண்டி எடுத்ததை எண்ணெய்த் துளியில் வைத்து நுண்ணோக்கியில் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். மருந்துக் கடையில் கேட்டு வாங்கிப் பூசும் ஸ்டீராய்டு கலந்த களிம்பு, அரிப்பை அடக்கிப் பூச்சியைப் பெருகவிடுவதால் நோய் முகம் மாறிப் போவதும் உண்டு.

சிரங்குக்கு உடல் முழுதும் பெர்மெத்ரின் களிம்பு பூசி, நகத்தடியை விட்டுவிட்டால் சில வாரங்களில் எல்லாம் திரும்ப வரும். ஆகவே நகங்களை ஒட்ட வெட்டி, நகத்தடியிலும் மருந்தைப் பழைய பல்துலக்கியால் தேய்க்கச் சொல்வார்கள் மருத்துவர்கள். கடும் வகைக்கு ஐவர்மெக்டின் மாத்திரையும் பல தவணைகளில் வேண்டியிருக்கும். சாதோஷி ஓமுராவுக்கும் வில்லியம் கேம்பெலுக்கும் 2015இல் நோபெல் பரிசு பெற்றுத் தந்த மருந்துக் குடும்பம் அது. குடியிருக்கும் அனைவரும் ஒரே நாளில் மருந்து எடுக்காவிட்டால் இதுவும் வீண்தான். பிஜித் தீவுகளில் அரிப்பு உள்ளவர், இல்லாதவர் என்று பாராமல் ஊர் முழுக்க ஐவர்மெக்டின் கொடுத்துப் பார்த்தார்கள். 32 விழுக்காட்டினரிடம் இருந்த சிரங்கு ஓராண்டில் 2 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. நோயாளிகளுக்கும் அவர்களோடு நெருங்கிப் பழகியவர்களுக்கும் மட்டும் களிம்பு கொடுத்த ஊர்களில் பாதியளவுதான் குறைந்தது.

வாகனமாகும் நகம்

மூன்றாவது விலங்கு நகத்தில் வசிப்பதில்லை. கீரிப்பூச்சி குடலில் வாழ்கிறது. இரவில் குழந்தை உறங்கியதும் ஒரு சென்டிமீட்டர் நீளமுள்ள பெண் புழு ஆசனவாய்க்கு வெளியே வந்து பத்தாயிரம் முட்டைவரை இட்டுச் சாகிறது. அரிப்பில் குழந்தை தூக்கத்திலேயே சொறிகிறது. நகத்தடியில் முட்டைகள் ஒட்டிக்கொள்கின்றன. நான்கு முதல் ஆறு மணி நேரத்தில் அவை தொற்றும் பக்குவத்துக்கு வந்துவிடும். காலையில் விரல் சூப்பும்போது, நகம் கடிக்கும்போது, கைகழுவாமல் இட்லியைப் பிய்க்கும்போது முட்டைகள் புறப்பட்ட குடலுக்கே திரும்புகின்றன. இந்தப் புழுவுக்கு வேறு விலங்கு வேண்டாம், மண்ணும் வேண்டாம். ஒரு குழந்தையின் விரல் நகம் போதும்.

அல்பெண்டசோல் மாத்திரை புழுவைக் கொல்லும், முட்டையைக் கொல்லாது. அதனால்தான் இரண்டு வாரம் கழித்து இன்னொரு முறை. படுக்கை விரிப்பிலும் உள்ளாடையிலும் முட்டைகள் இரண்டு மூன்று வாரம் உயிரோடிருக்கும் என்பதால் அரிப்பே இல்லாத அப்பா, அம்மா, அக்காவுக்கும் அதே நாளில் மாத்திரை கொடுக்கச் சொல்கிறார்கள்.

மூன்று நோய்களையும் அருகருகே வைத்தால், மருந்துக்கு அளவு குறிக்கும்போது நாம் எதை ஒரு அலகாக எடுத்துக்கொள்கிறோம் என்பது மாறுவதைக் காணலாம். கீரிப்பூச்சிக்கு அலகு ஒரு வீடு. சிரங்குக்கு வீடு போதவில்லை, பல இடங்களில் ஊரே தேவைப்படுகிறது. மணல் தெள்ளுக்கு ஊரோடு சேர்த்து அதன் தரையும் விலங்குகளும். விரல் நுனியில் தொடங்கிய மருத்துவம் பொதுப்பணித் துறையின் வாசலில் போய் நிற்கிறது. இதை ஏற்காத மருத்துவத் திட்டம், நகம் வெட்டச் சொல்லி அறிவுரை கூறிவிட்டு, வெட்டிய நகம் விழும் தரையை மறந்துவிடும். அசுத்தம் என்று ஏழையைக் குறைசொல்லவும் அது வசதி. தண்ணீர்க் குழாயும் சிமெண்டுத் தரையும் உள்ள வீட்டில் பிறந்தவர்கள் ஃபுன்சாவை அறியாதது அவர்கள் ஒழுக்கத்தின் பலன் அல்ல.

இந்த மூன்று விலங்குகளுக்கும் நகம் வெறும் கூரை அல்லது வாகனம். அதைத் தின்று செரிக்கும் ஆற்றல் எதற்கும் கிடையாது. நகத்தின் கெரட்டினை உடைத்து உண்ணும் கலையைக் கற்றவை பூஞ்சைகள். கோழி இறகையும் குதிரைக் குளம்பையும் மக்கவைக்கும் மண்பூஞ்சைகளின் உறவினர்கள் மனித நகத்துக்கு எப்படிக் குடிமாறினார்கள் என்பதை அடுத்த அத்தியாயத்தில் பார்ப்போம்.